ஆண்ட்ரோமீடாவில் வெடிக்கக் காத்திருக்கும் வெண்குறுமீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அடுத்து எந்த விண்மீன் வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதா?" வானியல் பேசும் இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். பெரிய விண்மீன் என்றால் திருவாதிரையைக் கைகாட்டலாம். ஆனால் சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்புகளில் இன்னொரு வகை இருக்கிறது: எரிந்து முடிந்து அடங்கிப்போன சின்ன விண்மீன்கள் திடீரென வெடிப்பது. இவற்றை வெடிக்கும் முன்பே அடையாளம் காண, நம் பக்கத்து விண்மீன் திரளான ஆண்ட்ரோமீடாவை வானியலாளர்கள் சல்லடை போட்டுத் தேடினார்கள். தேடியதில் கிடைத்ததைவிடக் கிடைக்காமல் போனதுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது என்பது என் கருத்து. அதை ஒட்டி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வெண்குறுமீன் என்றால் என்ன?

சூரியனைப் போன்ற விண்மீன் தன் எரிபொருளைத் தீர்த்தபிறகு வெளி அடுக்குகளை உதறிவிடும். மிஞ்சுவது உள்ளே இருந்த கரு மட்டும். பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும்தான். சூரியனில் பாதிக்கு மேலான நிறை, பூமி அளவே உள்ள உருண்டைக்குள் அடங்கியிருக்கும். அதில் ஒரு கன சென்டிமீட்டர் ஒரு டன் அளவுக்குக் கனக்கும். உள்ளே அணுக்கரு இணைவு எதுவும் நடப்பதில்லை. மிச்சமிருக்கும் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி, கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆறிக்கொண்டே இருக்கும்.

நம் சூரியனுக்கும் இதே கதிதான். ஆனால் சூரியனுக்குத் துணை விண்மீன் கிடையாது. அதனால் அது வெடிக்காது, ஆறிப்போகும், அவ்வளவுதான்.

ஆறிப்போன ஒன்று எப்படி வெடிக்கும்?

கூடுதல் நிறை கிடைத்தால் வெடிக்கும். வெண்குறுமீனைத் தாங்கி நிற்பது வெப்பம் அல்ல, நெருக்கி அடைக்கப்பட்ட எலக்ட்ரான்கள் தரும் அழுத்தம். அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நிறைக்கு ஒரு வரம்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் சுப்ரமணியன் சந்திரசேகர் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது இது. அப்போது அவருக்கு வயது 19. இன்று நாம் சந்திரசேகர் எல்லை என்கிறோம். மதிப்பு சூரிய நிறையைப் போலச் சுமார் 1.4 மடங்கு.

கார்பன், ஆக்சிஜன் வெண்குறுமீன் ஒன்று இந்த எல்லையை நெருங்கும்போது நடுவில் கார்பன் பற்றிக்கொள்கிறது. சாதாரண விண்மீனில் சூடு ஏறினால் அது விரிந்து தன்னைத்தானே தணித்துக்கொள்ளும். வெண்குறுமீனுக்கு அந்த வழி இல்லை. சூடு ஏறுகிறது, இணைவு வேகமாகிறது, சூடு இன்னும் ஏறுகிறது. சில விநாடிகளில் மொத்தமும் சிதறிவிடும். பின்னால் நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ மிஞ்சுவதில்லை. இதைத்தான் 1ஏ வகை சூப்பர்நோவா என்கிறார்கள். வெடிப்பில் ஏராளமான நிக்கல் 56 உருவாகிறது. அது கோபால்டாகி, பிறகு இரும்பாகிறது. நாம் வாரக்கணக்கில் பார்க்கும் வெளிச்சம் இந்தச் சிதைவிலிருந்து வருவதுதான். 2014-இல் எம்82 என்ற விண்மீன் திரளில் ஒன்று வெடித்தபோது, இன்டெக்ரல் விண்கலம் நிக்கல், கோபால்ட் இரண்டின் காமா கதிர்களையும் நேரடியாகவே பிடித்துவிட்டது.

சரி, கூடுதல் நிறை எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் சண்டை. இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன.

முதல் வழி: வெண்குறுமீனுக்குப் பக்கத்தில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் சாதாரண விண்மீன் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயுவை வெண்குறுமீன் இழுத்து, மேலே படியவிட்டு, எரித்து, மெதுவாகப் பருக்கிறது. எல்லை நெருங்கியதும் வெடிக்கிறது. 1970-களிலிருந்து பாடப்புத்தகங்களில் வரும் படம் இதுதான்.

இரண்டாம் வழி: ஜோடியில் இரண்டுமே வெண்குறுமீன்கள். ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பு அலைகளாக ஆற்றலை இழந்து, நெருங்கி நெருங்கி, கடைசியில் மோதுகின்றன அல்லது ஒன்று மற்றதைக் கிழித்து விழுங்குகிறது. 1984-இல் இது முழுமையாக எழுதப்பட்டது.

எது நடந்தால் என்ன, வெடிப்பு வெடிப்புதானே என்று தோன்றலாம். ஆனால் இந்த வெடிப்புகளின் உச்ச ஒளி ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதால்தான் பிரபஞ்சத்தின் தூரங்களை அளக்கிறோம். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் கண்டதும், அதற்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த வெடிப்புகளை நம்பித்தான். அளவுகோலாகப் பயன்படுத்தும் ஒன்று எதனால் ஆனது என்றே சரியாகத் தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய உறுத்தலாகப் படுகிறது.

நம் பால்வீதியிலேயே தேடலாமே? ஏன் ஆண்ட்ரோமீடா?

பால்வீதிக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அதுதான் தொல்லை. தூசியும் வாயுவும் நிறைந்த தட்டின் நடுவில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்கிறோம். நாம் தேடும் கதிர் (ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர், விவரம் கீழே) அந்த வாயுவில் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும். தெரிகிற பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பல நேரம் உறுதியாகத் தெரியாது; தூரம் தெரியாமல் உண்மையான பிரகாசம் தெரியாது.

ஆண்ட்ரோமீடா, அதாவது எம்31, சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதிலுள்ள எல்லா விண்மீன்களுக்கும் ஏறத்தாழ அதே தூரம். முழு விண்மீன் திரளும் ஒரே பார்வையில் விரிந்து கிடக்கிறது. அதன் நடுப்பகுதியில் வாயுவும் குறைவு. பெரிய மகெல்லன் மேகம் என்ற இன்னொரு திரள் 1.6 லட்சம் ஒளியாண்டுதான், இன்னும் பக்கம். முதலில் கிடைத்த சான்றுகளும் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் அது சிறியது. எண்ணிக்கை வைத்து வாதாட வேண்டுமென்றால் கோடானுகோடி விண்மீன்கள் கொண்ட பெரிய திரள் வேண்டும்.

அவ்வளவு தூரத்தில் பூமி அளவுள்ள ஒன்று எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

ஆறிப்போன வெண்குறுமீன் தெரியவே தெரியாது. எந்தத் தொலைநோக்கியாலும் முடியாது. ஆனால் தின்றுகொண்டிருக்கும் வெண்குறுமீன் தெரியும்.

மேலே விழும் ஹைட்ரஜன் சரியான வேகத்தில் வந்தால், பரப்பிலேயே விடாமல் எரிந்துகொண்டிருக்கும். அந்த வேகம் ஆண்டுக்குச் சூரிய நிறையில் ஒரு கோடியில் சில பங்கு. அப்போது பரப்பின் வெப்பநிலை பல லட்சம் டிகிரி ஆகிறது. மொத்த ஒளி, சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. ஆனால் அந்த ஒளியில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிராக வெளியே வருகிறது. இப்படிப்பட்டவற்றை மீமென் எக்ஸ் கதிர் மூலங்கள் என்று சொல்லலாம்.

ஐன்ஸ்டீன் என்ற எக்ஸ் கதிர் விண்கலம் பெரிய மகெல்லன் மேகத்தைப் பார்த்தபோது இரண்டு விசித்திரமான புள்ளிகள் கிடைத்தன. சிஏஎல் 83, சிஏஎல் 87 என்று பெயர். 1990-இல் ஏவப்பட்ட ரோசாட் இன்னும் பலவற்றைக் கண்டது. பரப்பில் ஹைட்ரஜனை எரிக்கும் வெண்குறுமீன்கள் இவை என்ற விளக்கம் 1992-இல் வந்தது. அப்போது பலருக்கும் ஒரே எண்ணம்: முதல் வழிக்கான ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், இனி எண்ணிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு ஏற்ற கருவி 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போனது: சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம். வெண்குறுமீனின் எல்லையைக் கணக்கிட்டவரின் பெயரில் உள்ள தொலைநோக்கிதான் அந்த எல்லையை நெருங்கும் வெண்குறுமீன்களைத் தேடியது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் ஏவப்பட்டது.

படத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அது வெண்குறுமீன்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சந்திராவின் கேமரா ஒவ்வொரு எக்ஸ் கதிர்த் துகளையும் தனித்தனியாகப் பதிவு செய்யும்: எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது, எவ்வளவு ஆற்றல். ஆண்ட்ரோமீடாவிலிருந்து வரும் மங்கலான மூலம் ஒன்றுக்கு நீண்ட நேரம் பார்த்தும் சில பத்துத் துகள்கள்தான் கிடைக்கும். அதை வைத்து நிறமாலை வரைய முடியாது. அதனால் வானியலாளர் ரோசான் டி ஸ்டெஃபானோவும் அவருடைய சகாக்களும் வேறு வழி செய்தார்கள். துகள்களை ஆற்றல்படி மூன்று பட்டைகளாகப் பிரிப்பது: 1.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ் கதிர் ஆற்றலை அளக்கும் அலகு) வரை ஒன்று, அங்கிருந்து 2 வரை ஒன்று, 2 முதல் 7 வரை ஒன்று. முதல் பட்டையில் மட்டும் துகள் இருந்து, மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தால் அது மீமென் மூலம். சாதாரண எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்கள் மூன்றிலும் துகள் தரும்.

இதோடு முடியவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளைபோல் அச்சாக இதே மாதிரி தெரியும் வேறு பொருள்களும் உண்டு: வழியில் குறுக்கிடும் நம் பால்வீதியின் விண்மீன்கள், பழைய சூப்பர்நோவாவின் மிச்சங்கள், ஏன், சில கருந்துளைகள்கூட. எம்101 திரளில் மிகப் பிரகாசமான மீமென் மூலம் ஒன்று இருந்தது. அதன் துணை விண்மீனின் ஓட்டத்தை 2013-இல் அளந்து பார்த்தபோது நடுவில் இருப்பது கருந்துளை என்று தெரிந்தது. அதனால் பழைய படங்களை எடுத்து ஒப்பிட வேண்டும், கண்ணுறு ஒளியில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஒளி கூடிக் குறைகிறதா என்று கவனிக்க வேண்டும்.

சில நேரம் பொருளே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்ட்ரோமீடாவின் மையத்துக்கு அருகில் நிலையாக ஒளிரும் மீமென் மூலம் ஒன்றில் 217.7 விநாடிக்கு ஒருமுறை ஒளி துடிப்பதை எக்ஸ்எம்எம்-நியூட்டன் பதிவுகளில் கண்டார்கள். காந்தப்புலம் கொண்ட வெண்குறுமீன் சுழல்வதாக எடுத்துக்கொண்டால் இந்தக் காலம் இயல்பாகப் பொருந்துகிறது. 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால், பூமி அளவுள்ள ஓர் உருண்டை ஒருமுறை சுற்ற மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்று நம்மால் சொல்ல முடிவது எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

எத்தனை கிடைத்தன? எத்தனை கிடைத்திருக்க வேண்டும்?

முழு விஷயத்தின் முடிச்சும் இந்தக் கேள்வியில்தான்.

பேருந்து நிலையம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது, ஒவ்வொரு பஸ்ஸும் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் நிற்கும் என்றால், எப்போது போய்ப் பார்த்தாலும் 12 பஸ் நின்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டுதான் நிற்கிறது என்றால், மற்றவை வேறு எங்கிருந்தோ கிளம்புகின்றன.

இப்போது ஆண்ட்ரோமீடா. அந்த அளவுள்ள திரளில் 1ஏ வகை வெடிப்பு சில நூறு ஆண்டுகளுக்கு ஒன்று நடக்கும். 300 ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வெண்குறுமீன் எல்லையைத் தொட இன்னும் 0.3 சூரிய நிறை சேர்க்க வேண்டும், ஆண்டுக்குக் கோடியில் 3 பங்கு சேர்க்கிறது என்றால் 10 லட்சம் ஆண்டு ஆகும். அந்த 10 லட்சம் ஆண்டும் அது மீமென் எக்ஸ் கதிரில் ஒளிர வேண்டும். 10 லட்சத்தை 300-ஆல் வகுத்தால் 3,000-க்கு மேல் வருகிறது. வேகத்தைக் கூட்டிப் போட்டாலும் ஆயிரத்துக்குக் கீழே கொண்டுவருவது கடினம். ஆக, எல்லா வெடிப்பும் முதல் வழியில்தான் என்றால், இந்தக் கணத்தில் ஆண்ட்ரோமீடாவில் ஆயிரக்கணக்கான வெண்குறுமீன்கள் எக்ஸ் கதிரில் பளிச்சென்று நிற்க வேண்டும்.

கிடைத்தவை சில பத்துகள்தான். அதிலும் பெரும்பகுதி, அண்மையில் நோவா வெடிப்பு (மேலே சேர்ந்த ஹைட்ரஜன் மட்டும் வெடிப்பது) நடந்து சில மாதங்களோ ஆண்டுகளோ ஒளிர்ந்துவிட்டு அணைந்துபோகிறவை என்று வொல்ஃப்காங் பீட்ச் குழுவினர் 2005-இல் காட்டினார்கள். நிலையாக எரிபவை இன்னும் குறைவு.

தனித்தனியாக எண்ணும்போது மங்கலானவை விட்டுப்போகலாம் என்று ஒரு வாதம் வரலாம். ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த மராட் கில்ஃபானோவும் ஆகோஷ் போக்டானும் அதற்கும் இடம் கொடுக்கவில்லை. அவர்கள் புள்ளிகளை எண்ணவில்லை. ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியிலிருந்தும், வேறு ஐந்து திரள்களிலிருந்தும் வரும் மொத்த மென் எக்ஸ் கதிரையும் சந்திரா படங்களில் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கான மங்கலான மூலங்கள் ஒளிந்திருந்தால் இந்தக் கூட்டுத்தொகையில் அகப்பட்டே தீரும். கிடைத்தது எதிர்பார்த்ததைவிட 30 முதல் 50 மடங்கு குறைவு. 2010 பிப்ரவரியில் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவு: இத்தகைய வயதான விண்மீன்கள் நிறைந்த திரள்களில், 100 வெடிப்பில் 5-க்கு மேல் முதல் வழியில் நடந்திருக்க முடியாது.

அப்படியென்றால் முதல் வழி பொய் என்று முடிவு கட்டிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்தக் கட்டுரைக்கு நேர்மையான மறுப்புகள் வந்தன, அவற்றை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, தின்னும் வேகம் கொஞ்சம் கூடினாலே வெண்குறுமீனைச் சுற்றி அடர்ந்த காற்று கிளம்பி எக்ஸ் கதிரை மூடிவிடும். உள்ளே எரிவது எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வெளியே வருவது புற ஊதா ஒளியாக இருக்கும். சந்திராவுக்கு அது தெரியாது. வேகம் குறைந்தாலோ எரிதல் தொடர்ச்சியாக நடக்காமல், சேர்ந்து சேர்ந்து நோவாவாக வெடிக்கும். நிலையாக எரிவதற்கான இடைவெளி மிகக் குறுகியது.

இரண்டாவது மறுப்பை எழுப்பியவர் டி ஸ்டெஃபானோ. இது இன்னும் கூர்மையானது. இரண்டாம் வழியில் மோதப்போகும் ஜோடியும் ஒரு காலத்தில் ஒரு வெண்குறுமீனும் ஒரு சாதாரண விண்மீனுமாகத்தான் இருந்திருக்கும். அப்போது அவற்றில் பலவும் இதேபோல் தின்று எரித்திருக்க வேண்டும். ஆக, எக்ஸ் கதிர்ப் பற்றாக்குறை இரண்டு வழிக்கும் பொதுவான புதிர். முதல் வழியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல என்றார் அவர்.

புற ஊதாவாக ஒளிந்துகொள்கிறது என்ற வாதத்தைச் சோதிக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். அவ்வளவு சூடான பொருள் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்கிவிடும், அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடும், ஹீலியம் தனி நிறத்தில் ஒளிரும். சிஏஎல் 83-ஐச் சுற்றி அப்படிப்பட்ட ஒளிமேகம் உண்மையிலேயே இருக்கிறது. வெடித்த பிறகும் அந்த அடையாளம் ஒரு லட்சம் ஆண்டு அளவுக்கு நிற்கும். 1572-இல் டைக்கோ பிராகி பார்த்த சூப்பர்நோவாவின் மிச்சத்தை 2017-இல் இந்த வழியில் ஆராய்ந்தார்கள். அதைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அயனியாகாமல் அப்படியே இருந்தது. வெடிக்கும் முன் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே சூடான, பிரகாசமான வெண்குறுமீன் எதுவும் எரிந்துகொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1.4 என்ற எல்லையைத் தொடாமலே வெடிக்க முடியும். வெண்குறுமீனின் மேல் மெல்லிய ஹீலியப் படலம் முதலில் வெடித்து, அதன் அதிர்ச்சி அலை உள்ளே போய்க் கருவை வெடிக்க வைக்கும் என்பது கோட்பாடு. பெரிய மகெல்லன் மேகத்தில் எஸ்என்ஆர் 0509-67.5 என்ற மிச்சத்தில் கால்சியம் இரண்டு தனி ஓடுகளாக இருப்பதை, சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் மியூஸ் கருவி கொண்டு கண்டு 2025-இல் வெளியிட்டார்கள். இரட்டை வெடிப்புக்கு எதிர்பார்த்த தடயம் அதுதான். அதே மிச்சத்தின் நடுவே தப்பிப் பிழைத்த துணை விண்மீன் எதுவும் இல்லை என்று 2012-லேயே ஹபிள் தொலைநோக்கிப் படங்கள் காட்டியிருந்தன.

என் பார்வையில், பெரும்பான்மை வெடிப்புகளுக்கு இரட்டை வெண்குறுமீன்தான் காரணம் என்ற பக்கம் தராசு சாய்ந்திருக்கிறது. ஆனால் முதல் வழியில் ஒன்றுகூட வெடிப்பதில்லை என்று சொல்லும் அளவுக்கு யாரிடமும் சான்று இல்லை.

இரட்டை வெண்குறுமீன்களை ஆண்ட்ரோமீடாவில் தேட முடியாதா?

ஒளியில் முடியாது. தின்பதற்கு ஒன்றுமில்லாத இரண்டு வெண்குறுமீன்கள் அந்தத் தூரத்தில் எந்தக் கருவிக்கும் அகப்படாது. நம் அக்கம்பக்கத்தில் மட்டும்தான் தேடலாம். ஒன்றையொன்று 7 நிமிடத்துக்குள் சுற்றிவிடும் ஜோடி பால்வீதியில் 2019-இல் கிடைத்தது. 2025-இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு ஜோடி வெறும் 150 ஒளியாண்டு அளவு தூரத்தில் இருக்கிறது. இரண்டின் கூட்டு நிறை 1.56 சூரிய நிறை, எல்லைக்கு மேல். 14 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகின்றன. மோதி வெடிக்க இன்னும் சுமார் 2,300 கோடி ஆண்டு ஆகும்.

ஈர்ப்பு அலையில் கேட்கலாம். அதற்காகத்தான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் லிசா திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று விண்கலங்கள், 2035 வாக்கில் ஏவுவதாகத் திட்டம். பால்வீதியில் ஆயிரக்கணக்கான ஜோடிகளை அது பிரித்துக் காட்டும்.

ஆண்ட்ரோமீடாவில் "இதோ இதுதான்" என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. அதன் பெயர் எம்31என் 2008-12ஏ.

2008 டிசம்பரில் ஜப்பானைச் சேர்ந்த நிஷியாமா, கபாஷிமா என்ற இரண்டு ஆர்வலர்கள் ஆண்ட்ரோமீடாவில் ஒரு நோவாவைக் கண்டார்கள். நோவா என்பது வெண்குறுமீனின் மேல் சேர்ந்த ஹைட்ரஜன் மட்டும் வெடிப்பது. உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். ஆண்ட்ரோமீடாவில் ஆண்டுக்குச் சுமார் 65 நோவா நடக்கிறது. அதனால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே இடத்தில் 2011-இல் மறுபடி, 2012-இல் மறுபடி, 2013-இல் மறுபடி. பழைய பதிவுகளைப் புரட்டினால் 1992, 1993-இல் ரோசாட்டும், 2001-இல் சந்திராவும் எடுத்த படங்களில் அதே இடத்தில் எக்ஸ் கதிர்ப் புள்ளி இருக்கிறது. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் நோவா! பால்வீதியில் வேகமானது என்று சொல்லும் யு ஸ்கார்ப்பிக்கே ஏறத்தாழ 10 ஆண்டு வேண்டும். டி கொரோனே போரியாலிஸ் 1866-இல் வெடித்தது, அடுத்து 1946-இல்தான்.

இவ்வளவு சீக்கிரம் மறுபடி மறுபடி வெடிக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனை: வெண்குறுமீன் மிகக் கனமாக இருக்க வேண்டும், வாயு வேகமாக வந்து விழ வேண்டும். கணக்குப்படி இதன் நிறை சுமார் 1.38 சூரிய நிறை. எல்லையை ஒட்டி நிற்கிறது. வெடிப்பு ஒவ்வொன்றும் குறுகியது. கண்ணுறு ஒளியில் இரண்டே நாளில் பெருமளவு மங்கிவிடும். ஏறத்தாழ 6-ஆம் நாள் எக்ஸ் கதிர் எட்டிப் பார்க்கும், 19-ஆம் நாள் வாக்கில் அணைந்துவிடும். அந்த இரண்டு வாரத்துக்குள் ஸ்விஃப்ட் விண்கலத்தைத் திருப்பியாக வேண்டும். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள தொலைநோக்கிகளும்கூட இந்த வெடிப்புகளைத் தொடர்ந்து கவனித்திருக்கின்றன.

இன்னொரு சான்று இன்னும் பெரியது. மேட் டார்ன்லி குழுவினர் 2019-இல் வெளியிட்டது: இந்த நோவாவைச் சுற்றி 400 ஒளியாண்டுக்கு மேல் அகலமான ஓடு இருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகளாக நடந்த வெடிப்புகள் ஒவ்வொன்றும் சுற்றியிருந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக் குவித்தது. அதாவது இது நேற்று தொடங்கிய கூத்து அல்ல.

ஒவ்வொரு வெடிப்பிலும் எறிவதைவிட வைத்துக்கொள்வது அதிகம் என்றுதான் கணக்குகள் சொல்கின்றன. அப்படியானால் சில பத்தாயிரம் ஆண்டுக்குள் எல்லையைத் தொட்டுவிடும். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. உள்ளே கார்பனும் ஆக்சிஜனும் என்றால் வெடித்துச் சிதறும். ஆக்சிஜனும் நியானும் என்றால் வெடிக்காமல் குலைந்து நியூட்ரான் விண்மீனாகிவிடும். வெளியே எறியும் வாயுவின் பொருள்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முயல்கிறார்கள்.

அங்கே இதற்கு முன் சூப்பர்நோவா வெடித்ததுண்டா?

நாம் பார்த்தது ஒன்றே ஒன்று. 1885 ஆகஸ்ட் 20 அன்று, இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு ஆய்வகத்தில் எர்ன்ஸ்ட் ஹார்ட்விக் ஆண்ட்ரோமீடாவின் மையத்தை ஒட்டிப் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டார். வெறும் கண்ணுக்குத் தெரியும் விளிம்பு வரை போய், வழக்கத்தைவிட வேகமாக மங்கியது. ஆண்ட்ரோமீடா தனி விண்மீன் திரள் என்றே அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சாதாரண நோவா என்று நினைத்து, அப்படியானால் ஆண்ட்ரோமீடா பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று பின்னால் தவறாக வாதிடவும் செய்தார்கள். 1923-இல் எட்வின் ஹபிள் அங்கே தூரத்தை அளக்க உதவும் செஃபீடு வகை விண்மீனைக் கண்ட பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

வெடிப்பின் மிச்சம் நூறு ஆண்டு கழித்துத்தான் கிடைத்தது, அதுவும் நிழலாக. மையப் பகுதியின் விண்மீன் ஒளிக்கு முன்னால் இரும்பு அணுக்கள் ஒளியை உறிஞ்சிய கரும்புள்ளி அது.

இவற்றில் ஏதாவது வெடித்தால் நமக்கு ஆபத்தா?

இல்லை. 25 லட்சம் ஒளியாண்டு என்பது எல்லா ஆபத்துக்கும் அப்பாற்பட்ட தூரம்.

ஆண்ட்ரோமீடாவை நம் ஊரிலிருந்து பார்க்கலாமா?

தாராளமாக. நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில் இரவு 8 மணிக்கு வடக்கே நன்றாக உயரத்தில் இருக்கும். பூரட்டாதி, உத்திரட்டாதி நட்சத்திரங்கள் சேர்ந்து பெரிய சதுரம் ஒன்று தெரியும். அதன் வடகிழக்கு மூலையிலிருந்து வடகிழக்காக இரண்டு விண்மீன் தாண்டி, அங்கிருந்து வடமேற்காக இரண்டு சிறிய விண்மீன்களைப் பிடித்துக்கொண்டு போனால் பக்கத்தில் மங்கலான புகைத் திட்டு. அதுதான். வடகிழக்குப் பருவமழை மேகம் குறுக்கே வரும் காலம் என்பதால் டிசம்பர் பின்பாதியில் மழை ஓய்ந்த இரவுகள் வசதி. நகர வெளிச்சத்தை விட்டு வெளியே போய், பைனாகுலரோடு பாருங்கள்.

இன்றைக்கே அங்கே ஒரு 1ஏ வெடிப்பு தெரிந்தால் வானியலாளர்கள் முதலில் என்ன செய்வார்கள்?

பழைய படங்களைத்தான் எடுப்பார்கள். 2011 ஆகஸ்ட் 24 அன்று, 2.1 கோடி ஒளியாண்டு தூரத்தில் எம்101-இல் ஒன்று வெடித்தபோது இதுதான் நடந்தது. பாலோமர் ஆய்வகத்தின் தேடலில் அது வெடித்து ஒரு நாள் ஆவதற்குள் சிக்கியது. உடனே ஹபிளின் பழைய படங்களில் அதே இடத்தைப் பார்த்தார்கள்: ஒன்றுமில்லை. ஊதிப் பெருத்த சிவப்பு விண்மீன் துணையாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும், ஆகவே அது இல்லை. சந்திராவின் பழைய பதிவுகளைப் பார்த்தார்கள்: பிரகாசமான மீமென் மூலமும் இல்லை. வெடித்த சில மணி நேரத்தில் ஒரு சிறிய தொலைநோக்கி அதே இடத்தைப் படமெடுத்து எதுவும் தெரியாமல் போயிருந்தது. அந்த வெறும் படத்தை வைத்தே, வெடித்த பொருளின் ஆரம் சூரியனில் 50-இல் ஒரு பங்குக்குக் குறைவு என்று கணக்கிட்டார்கள். வெடித்தது வெண்குறுமீன் என்பதற்கு அதுவே நேரடியான சான்றானது.

ஆண்ட்ரோமீடா அதைவிட 8 மடங்கு பக்கம். அங்கே 1999-இலிருந்து சந்திராவும் எக்ஸ்எம்எம்-நியூட்டனும் மையப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படமெடுத்து வைத்திருக்கின்றன. ஹபிள் தொலைநோக்கி அந்தத் திரளின் தட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பத்துக் கோடிக்கு மேலான விண்மீன்கள் தனித்தனியாகத் தெரியும்படி பதிந்திருக்கிறது. அங்கே வெடிப்பது தெரிந்த மீமென் மூலங்களில் ஒன்றின் இடத்திலா, எம்31என் 2008-12ஏ போன்ற நோவாவின் இடத்திலா, இல்லை எந்தப் படத்திலும் எதுவுமே இல்லாத இடத்திலா என்பது அன்று மாலைக்குள்ளேயே தெரிந்துவிடும்.